ஐவர் அவைக்குப் போன உடும்பு

ஒரு காட்டில், காலை வெயில் முதலில் வந்து விழுகிற இடத்தில் ஒரு கரும்பாறை இருந்தது. அந்தப் பாறை ஓர் உடும்புக்குச் சொந்தம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லைதான். ஆனால் தினமும் வந்து படுத்துக்கொண்டால் சொந்தம்தானே?

விடிந்ததும் உடும்பு பாறைமேல் ஏறும். வயிற்றுக்குக் கீழே கல் சுடும்வரை படுத்திருக்கும். பிறகு பின்பக்கத்துப் புற்றுக்குப் போய் நாலு வாய் கறையான் தின்னும். திரும்பி வந்து மறுபடி படுக்கும். அந்த வழியாக யாராவது போனால் கண்ணை மூடிக்கொள்ளும். "உடும்பாரே, சௌக்கியமா?" என்று கேட்டால் இன்னும் இறுக்கி மூடிக்கொள்ளும்.

அதற்கு இருந்தது ஒரே ஒரு கவலை. தான் இறங்கிப் போன நேரம் பார்த்து ஓடைக்கரை ஆமை வந்து பாறையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? அந்த ஆமைக்கு ரொம்ப நாளாகவே பாறைமேல் ஒரு கண்.

ஒருநாள் காலை பாறைக்குப் பக்கத்து மரத்தில் "டொக், டொக், டொக்" என்று சத்தம் கேட்டது. உடும்பு வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டது.

"மூடினால் விட்டுவிடுவேனா? ஐவர் அவைக்கு உங்கள் பெயர் வந்திருக்கிறது. கிளம்புங்கள்" என்றது மரங்கொத்தி.

உடும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குழந்தைகளே, ஐவர் அவை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காட்டில் யார்மீதாவது பெரிய புகார் வந்தால், ஐந்து பேர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்வார்கள். இந்த ஐந்து பேரை யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. வேங்கை மரத்தில் ஒரு பொந்து உண்டு. வளர்ந்த பிராணிகள் எல்லாம் தங்கள் உடம்பிலிருந்து ஓர் அடையாளத்தை அதில் போட்டு வைத்திருக்கும். ஒன்று இறகு போடும், ஒன்று முடி போடும், ஒன்று முள் போடும். புகார் வந்ததும் மரங்கொத்தி கண்ணை மூடிக்கொண்டு, அலகை உள்ளே விட்டு ஐந்தை எடுக்கும். யாருடைய அடையாளம் வந்ததோ அவர் போயே ஆக வேண்டும். முடிவு சொல்லும்வரை வீட்டுக்குத் திரும்பவும் கூடாது.

மரங்கொத்தியின் அலகில் ஒரு துண்டு உரிந்த தோல் தொங்கியது.

"அது என் தோல் இல்லை. ஆமையுடையதாக இருக்கும்" என்றது உடும்பு.

"ஆமை எந்தக் காலத்தில் இப்படித் தோல் உரித்தது?"

"எனக்குக் கால் வலி."

"நாலு காலிலுமா?"

"எனக்குக் காது சரியாகக் கேட்காது."

"நான் மெதுவாகத்தானே பேசுகிறேன்? எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறீர்களே!"

வேறு வழியில்லாமல் உடும்பு இறங்கியது. பத்து அடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பாறையைப் பார்த்துக்கொண்டே போனது.

வேங்கை மரத்தடியில் மற்ற நால்வரும் வந்திருந்தார்கள். எதையும் மெதுவாகவே செய்யும் காட்டெருமை அசைபோட்டுக்கொண்டு நின்றது. மைனா மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தது. சுலபத்தில் கோபித்துக்கொள்ளும் முள்ளம்பன்றி, "என்ன, எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள்?" என்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியாகப் பேசியவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் முயல் ஒரு மூலையில் உட்கார்ந்து தலையாட்டியது.

அவையை நடத்துவது கடமான். சட்டம் என்றால் சட்டம், அதற்கு மேல் அதற்குப் பேச்சில்லை.

"வழக்கைக் கேளுங்கள்" என்றது கடமான். "தெற்கு மேட்டில் இருக்கும் சின்ன நாவல் மரம் பங்கு மரம். காட்டில் மற்ற மரங்களை யாரும் தொடலாம். அதை மட்டும் தொடக் கூடாது. மரம் ஏற முடியாத கிழவர்களுக்கும், கால் ஊனமானவர்களுக்கும், குட்டி போட்டுப் படுத்திருப்பவர்களுக்கும் உரிய பழம் அது. முதல் மழை பெய்த மறுநாள்தான் உதிர்த்துப் பங்கு வைப்போம். இந்த வருஷம் போய்ப் பார்த்தால் மரத்தில் இலைதான் இருக்கிறது. ஒரு பழம் இல்லை!"

"திருடியது யார்?" என்று கேட்டது மைனா.

"இருவாச்சி!" என்று கத்திக்கொண்டே முன்னால் குதித்தது ஒரு குரங்கு.

இந்தக் குரங்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்டில் எந்தப் பழம் எப்படி ருசிக்கும் என்று தன்னைவிட யாருக்கும் தெரியாது என்பது அதன் எண்ணம். "சுவைச் செம்மல்" என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டிருந்தது. யாராவது செம்மல் என்று கூப்பிட மறந்தால் இரண்டு தடவை இருமி ஞாபகப்படுத்தும்.

"என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்றது குரங்கு. "பங்கு மரத்திலிருந்து வாய் நிறையப் பழம் எடுத்துக்கொண்டு தன் கூட்டுப் பக்கம் பறந்தது. ஒரே நாளில் பதின்மூன்று தடவை!"

எதிரில் நின்ற ஆண் இருவாச்சிப் பறவை தன் பெரிய அலகைத் திறந்தது.

"பதின்மூன்று தடவை பறந்தது உண்மைதான், ஐயா. ஆனால் அன்றைக்கு நான் போனது ஆற்றங்கரை அத்தி மரத்துக்கு. என் மனைவி மரப்பொந்துக்குள் இருக்கிறாள். வாசலை மண் பூசி அடைத்திருக்கிறோம். அலகு நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்குதான் பாக்கி. உள்ளே அவளுக்குச் சிறகெல்லாம் உதிர்ந்துவிட்டது. குஞ்சு பொரித்து எட்டு நாள்தான் ஆகிறது. நான் கொண்டுபோய் ஊட்டினால்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு."

"பங்கு மரத்தைத் தொட்டவர் அன்றே ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். திரும்பி வரக் கூடாது. அதுதான் சட்டம்" என்றது கடமான்.

இருவாச்சி போய்விட்டால் பொந்துக்குள் இருப்பவர்கள் கதி என்ன?  அவை முடியும்வரை இருவாச்சி தினம் மூன்று வேளை மட்டும் போய் ஊட்டிவிட்டு வரலாம் என்று கடமான் அனுமதி கொடுத்தது.

பிறகு ஐவரிடமும் சொன்னது: "குற்றம் இல்லை என்றால் பச்சை இலை போடுங்கள். குற்றம் என்றால் சருகு போடுங்கள். ஐந்தும் ஒரே மாதிரி விழ வேண்டும். ஒன்று மாறினாலும் மறுபடி உட்கார வேண்டும்."

உடும்புக்கு வழக்கில் மனம் இல்லை. இந்நேரம் ஆமை பாறைமேல் ஏறியிருக்குமோ, அரைப் பாறை ஏறியிருக்குமோ என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பார்த்தேன் என்று ஒருவர் சொல்கிறார், பறந்தேன் என்று இன்னொருவரே ஒப்புக்கொள்கிறார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உடும்பு பட்டென்று ஒரு சருகை எடுத்துப் போட்டது.

முள்ளம்பன்றியும் சருகு போட்டது. மைனா பேசிக்கொண்டே சருகு போட்டது. முயல் மைனாவைப் பார்த்துச் சருகு போட்டது.

"காட்டெருமை, உன் இலை எங்கே?" என்றது கடமான்.

காட்டெருமை வாயை அசைத்துக்கொண்டே நின்றது. "மன்னிக்க வேண்டும். யோசித்துக்கொண்டே தின்றுவிட்டேன்."

"பச்சையா, சருகா?"

"பச்சைதான். ஆனால் பசியில் எடுத்தேனா, வழக்குக்கு எடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை."

"அப்படியானால் நாளைக்கு மறுபடி!" என்று சொல்லிவிட்டுக் கடமான் எழுந்து போய்விட்டது.

உடும்புக்கு வந்த கோபத்தில் வால் தரையைப் பளார் பளார் என்று அடித்தது. "அப்படி என்னம்மா யோசனை?" என்று காட்டெருமையிடம் சீறியது.

"குரங்கு பார்த்தேன் என்கிறது. இருவாச்சி இல்லை என்கிறது. இரண்டையும் மென்றுகொண்டிருக்கிறேன், உடும்பாரே. ஒன்றும் தொண்டையில் இறங்கவில்லை" என்றது காட்டெருமை பொறுமையாக.

அன்று சாயங்காலம் ஐவருக்கும் காட்டார் சாப்பாடு கொண்டுவந்தார்கள். உடும்புக்கு ஒரு தேக்கிலை நிறையப் புது ஈசல் வந்தது. தனக்கென்று யாராவது சாப்பாடு கொண்டுவந்து வைப்பது உடும்பின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பக்கத்தில் மைனா, போன வருஷம் கரடி தேன்கூட்டில் மூக்கை விட்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னது. முள்ளம்பன்றி சிரித்துச் சிரித்து முள்ளெல்லாம் குலுங்கியது. உடும்பு கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டது. ஆனால் கரடி எப்படி மூக்கை வெளியே எடுத்தது என்று தெரியாமல் அதற்குத் தூக்கம் வரவில்லை.

"அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்டேவிட்டது.

மறுநாள் காலை உடும்பு ஒரு முடிவோடு எழுந்தது. "ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அதோடு முடித்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்" என்றது.

இருவாச்சியைக் கூப்பிட்டது. "நீ கொண்டுபோனது அத்திப்பழம்தான் என்பதற்கு என்ன சாட்சி?"

"என் மனைவி சாட்சி."

"மனைவி வேறு எப்படிச் சொல்வாள்?" என்று முறைத்தது முள்ளம்பன்றி.

ஒரே கேள்வி என்று சொன்ன உடும்புக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பழத்தை ஊட்டுகிறாய், சரி. கொட்டையை என்ன செய்வாள்?"

"சில நாள் வேப்பம்பழமும் ஊட்டுவேன், அந்தக் கொட்டையானாலும் அத்தி விதையானாலும் இடுக்கு வழியாக வெளியே துப்பிவிடுவாள். பொந்துக்குள் சேர்ந்தால் குஞ்சுக்கு இடம் வேண்டாமா?"

"துப்பியது எங்கே விழும்?"

"மரத்தடியிலேயே. அங்கேதான் குவிந்து கிடக்கிறது."

உடும்பு சட்டென்று நிமிர்ந்தது. நாவல் பழத்துக்குக் கொட்டை உண்டு. அத்திப்பழத்தில் இருப்பதோ கடுகைவிடச் சின்ன விதை. பாறை இடுக்கில் நகம் சிக்கென்று பிடித்துக்கொள்ளும்போது வருகிற சந்தோஷம் ஒன்று உண்டே, அது இப்போது தலைக்குள் வந்தது. பிடித்தால் விடாத பரம்பரை ஆயிற்றே! ஆனால் இத்தனை நாளும் கல்லையும் மரத்தையும் பிடித்ததே தவிர, ஒரு கேள்வியைப் பிடித்ததில்லை.

"ஐயா, நாங்கள் போய்ப் பார்க்க வேண்டும்" என்றது கடமானிடம்.

"வீட்டுக்குப் போக அவசரம் என்றீர்களே?" என்று கிண்டலாகக் கேட்டது மைனா.

"வீடு எங்கேயும் ஓடிப் போகாது. நட!" என்றது உடும்பு.

ஐவரும் வரிசையாக நடந்தார்கள். இருவாச்சியின் மரத்தடிக்கு வந்ததும் வேலை தொடங்கியது. காட்டெருமை ஒரு மூச்சு விட்டது, சருகெல்லாம் பறந்தது. முயல் முன்காலால் கிளறியது. முள்ளம்பன்றி தன் முள் ஒன்றைப் பிடுங்கி, ஒவ்வொரு கொட்டையாகக் குத்திப் புரட்டியது. உடும்பு பிளந்த நாக்கை நீட்டி நீட்டி ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தது.

"வேப்பங்கொட்டை."

"இதுவும் வேப்பங்கொட்டை."

"இது?"

"அட, அது என் புழுக்கை" என்றது முயல் வெட்கத்தோடு.

எல்லோரும் சிரித்தார்கள். உடும்பும் சிரித்தது. அதன் முகத்தில் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் காட்டுக்கே தெரிந்தது.

அப்போது மேலே, மண் பூசிய பொந்தின் இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "கீழே யார்?"

"ஐவர் அவை" என்றது மைனா.

"என் கணவர் முன்பெல்லாம் நாளெல்லாம் வந்துபோவார். நேற்றிலிருந்து மூன்று வேளைதான் வருகிறார். கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" கூடவே குஞ்சு கீச்சென்று கத்துவதும் கேட்டது.

 

உடும்புக்கு நேற்றுப் போட்ட சருகு நினைவு வந்தது. வெயில் காய அவசரப்பட்டு இந்தக் குரலை அல்லவா நிறுத்தப் பார்த்தோம் என்று நினைத்ததும் அதற்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"அவருக்கு ஒன்றும் ஆகாது, அம்மா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றது உடும்பு.

"பேசுவது யார்?"

"உடும்பு."

மேலே இடுக்கில் தெரிந்த அலகு நுனி சட்டென்று உள்ளே போனது. குஞ்சுள்ள கூட்டுக்குக் கீழே உடும்பு நின்றால் எந்தத் தாய்க்குத்தான் பயம் இருக்காது?

"பயப்படாதீர்கள். அவையில் இருக்கும்வரை எனக்குச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. ஈசல் வயிறு நிறைய வருகிறது" என்றது உடும்பு அவசரமாக.

உச்சி வெயில்வரை தேடினார்கள். அத்தி விதை கொத்துக் கொத்தாகக் கிடந்தது. வேப்பங்கொட்டை குவிந்து கிடந்தது. நாவல் கொட்டை ஒன்றுகூட இல்லை.

"அப்படியானால் குரங்கு சொன்னது பொய்! கூட்டுக்கு நாவல் பழம் வரவே இல்லை" என்றது மைனா.

"அதெப்படி? போகிற வழியிலேயே இருவாச்சி தானாகத் தின்றிருக்கலாமே" என்றது முள்ளம்பன்றி. "எல்லோரும் என்னை முறைக்காதீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்டேன்."

கேட்க வேண்டியதுதான். உடும்புக்கு முள்ளம்பன்றியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, காரணம் உங்களுக்கே தெரியும்.

திரும்பி வரும்போது மைனா வழக்கம்போல் வாயை ஓட்டிக்கொண்டு வந்தது. "யோசித்துப் பார்த்தால் பாவம் குரங்கு மாமா, அவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்? மழைக்கு முன்னால் அவருக்கே ஐந்து நாள் பல்வலி. வாயையே திறக்கவில்லை. எல்லாம் சைகையில்தான். நான் எட்டு தடவை நலம் விசாரித்தேன். எட்டு தடவையும் உம், உம் என்றார்."

உடும்பு அப்படியே நின்றுவிட்டது.

"பல்வலி என்றால் ஆ, ஊ என்று கத்துவார்களே. வாயைத் திறக்காமல் ஏன் இருக்க வேண்டும்?" என்றது.

காட்டெருமை அசைபோட்டது. முள்ளம்பன்றி யோசித்தது. முயல் வழக்கம்போல் தலையாட்டப் போய், பாதியில் நிறுத்தியது.

"நாவல் பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும்" என்றது முயல் மெதுவாக. "ரெண்டு மூணு நாள் போகாது. நிறையத் தின்றால் இன்னும் போகாது."

யாரும் சொல்லிக் கொடுக்காமல் முயல் தானாகச் சொன்ன முதல் கருத்து அது.

"அட்டகாசம்!" என்று கத்தியது உடும்பு. அப்படி ஒரு சொல் தன் வாயில் இருந்ததே அதற்குத் தெரியாது.

"ஆனால் இது சந்தேகம்தான்" என்றது காட்டெருமை. "சந்தேகத்தை வைத்து இருவாச்சியை அனுப்பக் கூடாது என்றால், குரங்கையும் அனுப்பக் கூடாதே."

அன்று சாயங்காலம் ஈசல் வந்து வெகுநேரம் ஆகியும் உடும்பு வாய் வைக்கவில்லை. கேள்வியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. பாறை அதன் நினைவிலேயே இல்லை.

மூன்றாம் நாள் அவை கூடியது. காடே திரண்டு வந்திருந்தது. உடும்பு குரங்கைக் கூப்பிட்டது.

"குரங்கே..."

குரங்கு இரண்டு தடவை இருமியது.

"மன்னிக்க வேண்டும். சுவைச் செம்மலே! உங்கள் நாக்கின் பெருமையைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆற்றங்கரை அத்தி எப்படி இருக்கும்?"

குரங்கின் மார்பு விரிந்தது. "உச்சிக்கிளைப் பழம் வெல்லம். கீழ்க்கிளைப் பழம் சப்பென்று இருக்கும். தெரியாதவர்கள் கீழ்க்கிளையிலேயே தின்றுவிட்டுப் போவார்கள்."

"மேற்குச் சரிவில் இருக்கும் பலா?"

"வாசனைதான் ஊரைக் கூட்டும். சுளை நார்."

"ஆகா! இதற்கெல்லாம் ஞானம் வேண்டும்" என்றது உடும்பு. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. "பெரியோர்களே, பங்கு மரத்துப் பழம் போனால் போகிறது என்று நினைக்கிறேன். அது என்ன பெரிய பழம்? தெற்கு மேட்டில் இருப்பது உப்பு மண். அதில் காய்ப்பது ஒரே துவர்ப்பாகத்தான் இருக்கும். திருடித் தின்றவர் இன்னும் ஆற்றங்கரையில் வாய் கொப்பளித்துக்கொண்டிருப்பார். இதற்குப் போய் ஒரு வழக்கா?"

குரங்கு காதைச் சொறிந்தது. தலையைச் சொறிந்தது. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றது.

"வெறும் துவர்ப்பு. பன்றிகூடத் தொடாது" என்றது உடும்பு மறுபடியும்.

"நிறுத்தும்!" என்று கத்தியது குரங்கு. "பழத்தைப் பற்றித் தெரியாதவர்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்! துவர்ப்பாம் துவர்ப்பு! இந்த வருஷத்துப் பழம் கல்கண்டு! வாயில் வைத்ததும் கரையும்! மேற்குக் கிளைப் பழத்தில் மட்டும் கடைசியில் துளி துவர்ப்பு உண்டு, அது பழத்துக்கே ஒரு அழகு..."

சொல்லிக்கொண்டே போன குரங்கு, ஒருவரும் பேசவில்லை என்பதைக் கவனித்தது. நிறுத்தியது.

"இந்த வருஷத்துப் பழம்" என்றது காட்டெருமை, ஒவ்வொரு சொல்லாக மென்று.

"மேற்குக் கிளை" என்றது முள்ளம்பன்றி.

"யாரும் வாயில் வைக்கக் கூடாத பழம்" என்றது முயல்.

"அது... அது வந்து... வாசனையை வைத்துச் சொன்னேன்" என்றது குரங்கு.

"மேற்குக் கிளையின் வாசனையா?" என்றது கடமான்.

காடே சிரித்தது. குரங்கு சோர்ந்துபோய் உட்கார்ந்தது. ஒரு பழம்தான் தின்ன நினைத்ததாம். ருசி விடவில்லையாம். இருவாச்சி நாளெல்லாம் பழத்தோடு பறப்பதைப் பார்த்ததும் பழியை அதன்மேல் போட்டால் எல்லோரும் நம்புவார்கள் என்று தோன்றியதாம்.

"இலை போடுங்கள்" என்றது கடமான்.

ஐந்து பச்சை இலை விழுந்தது. காட்டெருமை தன் இலையை வாய்க்குக் கொண்டுபோனபோது மட்டும் மற்ற நால்வரும் பதறினார்கள். நல்லவேளை, கீழே போட்டது.

"இனி குரங்கு ஆற்றைத் தாண்டட்டும்" என்றது கடமான்.

அப்போது ஆண் இருவாச்சி முன்னால் வந்தது. "ஐயா, மூன்று நாளாக நான் அந்த ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொருவருக்கு அது வேண்டாம்."

ஐவரும் கூடிப் பேசினார்கள். அடுத்த பருவம் வரை கிழவர்களுக்கும் ஊனமானவர்களுக்கும் குரங்கே தினமும் நல்ல பழமாகப் பார்த்துப் பறித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுத்து முடிக்கும்வரை ஒன்றைக்கூடத் தான் ருசி பார்க்கக் கூடாது என்று தீர்ப்பானது. குரங்கு அழுதது. ஆற்றைத் தாண்டியிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்காது.

இருவாச்சி அத்தி மரத்தை நோக்கி விர்ரென்று பறந்தது. அன்றைக்கு எத்தனை தடவை போய்வந்தது என்று யாரும் எண்ணவில்லை.

"அவை கலைந்தது. வீட்டுக்குப் போகலாம்" என்றது கடமான்.

ஐவரும் எழுந்திருக்கவில்லை.

"போகலாம் என்று சொன்னேன்" என்றது கடமான்.

"போகிறோம், போகிறோம். என்ன அவசரம்?" என்றது உடும்பு.

ஒருவழியாகப் பாறைக்கு வந்து சேர்ந்தால், நினைத்தபடியே ஆமை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. உடும்பைக் கண்டதும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

உடும்பு அதன் பக்கத்தில் படுத்தது. "எப்போது ஏறினாய்?"

"நே... நேற்று சாயங்காலம்" என்றது ஓடு.

"ஏற எவ்வளவு நேரம் ஆயிற்று? எந்தப் பக்கமாக ஏறினாய்? யாராவது பார்த்தார்களா?"

"என்னைத் துரத்தப் போகிறீர்களா?"

"அதை யார் கேட்டது? எந்தப் பக்கமாக ஏறினாய், அதைச் சொல்!"

அன்றிலிருந்து பாறையில் பாதி ஆமைக்கு. யாராவது அந்த வழியாகப் போனால், "நில்லுங்கள், எங்கே போகிறீர்கள்? ஏன் போகிறீர்கள்?" என்று இப்போது உடும்புதான் பிடித்துக்கொண்டது.

பனிக்காலம் வந்தது. காட்டில் இன்னொரு புகார் வந்தது. எல்லோரும் வேங்கை மரத்தடியில் கூடினார்கள். மரங்கொத்தி கண்ணை மூடிப் பொந்துக்குள் அலகை விட்டது.

உரிந்த தோல் ஒன்று வந்தது. "உடும்பு" என்றது மரங்கொத்தி.

மறுபடி விட்டது. தோல். மூன்றாம் தடவையும் தோல்.

கடமான் போய்ப் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு முழு உடும்புத் தோல், துண்டு துண்டாக உள்ளே திணிக்கப்பட்டிருந்தது.

"உடும்பே! ஐந்து இடத்திலும் நீயே உட்காரப் போகிறாயா?"

"தோல் உரிகிற காலம், ஐயா. காற்றடித்து உள்ளே விழுந்திருக்கும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னது உடும்பு.

சிரிப்பு அடங்கியதும், ஒருவருக்கு ஒரு துண்டு என்ற சட்டப்படி மற்றதையெல்லாம் வெளியே கொட்டிவிட்டு மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை உடும்புக்கு வரவில்லை. கடைசியாக வந்தது ஒரு பெரிய கறுப்பு இறகு. சிறகு முளைத்துப் பொந்தைவிட்டு வெளியே வந்திருந்த பெண் இருவாச்சியின் இறகு அது.

"நானா? எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லையே. வீட்டில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. எத்தனை நாள் ஆகுமோ?" என்றது பெண் இருவாச்சி.

உடும்பு பக்கத்தில் வந்தது. "போய் உட்காருங்கள், அம்மா. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடலாம்."

அந்தக் குரல் எங்கே கேட்டது என்று பெண் இருவாச்சிக்கு நினைவு வந்தது. இருட்டுப் பொந்துக்குள் குஞ்சை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கீழேயிருந்து வந்த குரல் அது. வேறு ஒன்றும் சொல்லாமல் போய் ஐவரில் ஒருவராக உட்கார்ந்தது.

உடும்பு பாறைக்குத் திரும்பவில்லை. அவைக்கு எதிரில், எல்லார் பேச்சும் நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்துப் படுத்தது. கண்ணை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டது.

நீதி: வேண்டாவெறுப்பாக வந்த பொறுப்பானாலும், மனம் வைத்துச் செய்தால் நமக்கு மகிழ்ச்சி, பிறருக்கு வாழ்வு.